மைக்கோடு

கதிர் சிகிச்சை மெசினின் கட்டில் தானாக ஒரு நூல் அளவு நகர்ந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் பதினைந்தாவது நாளாக நாகலெட்சுமி அந்த அசைவை உணர்ந்தாள். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த இடத்தைச் சுற்றி, கதிர் பட வேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஊதா மையில் கோடுகள் கீறியிருந்தார்கள். அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது கணவன் செல்லசாமியிடம் அவள் அதைச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் தங்கள் லய வீட்டின் முன்பக்கம் சாக்கை விரித்துப் படுக்கிறான்.

சனிக்கிழமைதோறும் கொழும்பிலிருந்து ரயிலேறி வீட்டுக்குப் போவாள். அவன் தேத்தண்ணியைக்கூட மேசையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வான். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பளிக்குள் கிடந்தவர்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கை ஒரு தடவை தோளில் பட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மெசினை இயக்கும் லக்சனா யாழ்ப்பாணத்துப் பெண். நாகலெட்சுமி வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டாள்.

"மிஸ், இந்தக் கரண்டு என்னையத் தொடுறவங்க மேல பாயுமாங்க?"

"இல்லை அம்மா, உடம்பில ஒண்டும் தங்காது." லக்சனா திரையைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள். "இது முதல் எடுத்த படம். இது இண்டைக்கு எடுத்தது. மெசினே ரெண்டையும் பொருத்திப் பாக்கும். கொஞ்சம் விலகியிருந்தாலும் கட்டிலை நகர்த்திச் சரிப்படுத்தும். கோடு மங்கினாலும் திரும்பக் கீறலாம்."

இரண்டு படங்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து படிந்தன. தன்னை இவ்வளவு கவனமாகத் தேடுகிறார்களே என்று நினைத்ததும் நாகலெட்சுமிக்கு அழுகை வந்தது.

மறுநாள், சனிக்கிழமை பிற்பகல் வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னாள். "கரண்டு ஒடம்புல தங்காதாம். நீங்க பயப்பட வேணாம்."

செல்லசாமி அடுப்புக்குள் விறகைத் தள்ளினான். "எனக்கு என்னா பயம்?"

"அப்ப ஏன் வெளிய படுக்குறீங்க?"

"தூக்கத்துல நான் கையத் தூக்கிப் போடுவேன், ஒனக்குத் தெரியாதா? கோடு அழிஞ்சி, அவங்க எடம் மாறி கரண்ட இருதயத்துல அடிச்சிட்டா? நீ செத்துப் போயிருவியே புள்ள."

கரண்டுக்குப் பயப்படுகிறான், இல்லாவிட்டால் தன் உடம்பு அவனுக்கு அருவருப்பாகிவிட்டது என்றே இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். "எலும்ப வச்சே எடத்தக் கண்டுபிடிச்சிருமாம்" என்றாள்.

செல்லசாமி எழுந்து, கைகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. இருவருக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது.