அட்டைப்படத்துக்கு ஓர் ஊசி

சுகாதார அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் தடுப்பூசி வழிகாட்டிக் குழு கூடும்போதெல்லாம், மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு அதில் டைப்பிஸ்டை உட்கார வைப்பார்கள். குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் டாக்டர்கள், ஒன்பது பேரும் கெட்டிக்காரர்கள். கர்ப்பிணிகளுக்கு எந்தத் தடுப்பூசியை எப்போது போட வேண்டும் என்று மற்ற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் சொல்லும் புத்தகத்தைத் தயாரிப்பது அவர்கள் வேலை. அந்த அறையில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தது டைப்பிஸ்ட் ஒருத்திதான். அதனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீண் பழி சொல்லக் கூடாது. புத்தகத்துக்குள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே கால்மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கக்குவான் இருமல் தடுப்பூசியை இருபத்தேழாவது வாரத்திலிருந்து முப்பத்தாறு வாரம் நிறைவதற்குள் கர்ப்பிணிக்குப் போட்டுவிட வேண்டும். தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து, அதற்கென்று சொந்த ஊசி போடும் வயது வரும்வரை காவல் இருக்கும். இதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. பழைய வழிகாட்டியிலும் இதேதான் இருந்தது. மிச்சமிருந்த ஐந்து மாதமும் அட்டைக்குப் போனது. நீலமா பச்சையா என்பதற்கே மூன்று கூட்டம். பச்சைதான் என்று முடிவான பிறகு எந்தப் பச்சை என்பதற்கு இன்னும் இரண்டு.

இதில் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. புதியது வரப்போகிறது என்ற பூரிப்பில், குழுத் தலைவர் முதல் நாளே பழைய வழிகாட்டியை வாபஸ் வாங்கிவிட்டார். புதியது வெளியாகும்வரை பழையதை யாரும் பின்பற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எல்லா மருத்துவமனைக்கும் போனது. அதை அடித்தவளும் நம் டைப்பிஸ்ட்தான். அப்போது அவளுக்கு இரண்டரை மாதம். வாந்தியை அடக்கிக்கொண்டு, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாளே தவிர, என்ன அடிக்கிறோம் என்று யோசிக்கவில்லை. அந்தப் பத்து விரல்களையும் பிற்பாடு அவள் நிறையத் திட்டினாள்.

கீழ்த்தளத்தில் தடுப்பூசி அறை இருந்தது. அங்கே இருக்கும் நர்சை அலுவலகமே ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய குளிர்பெட்டியில் அந்த மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஊசியக்கா காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துச் சுவரிலிருக்கும் தாளில் குறித்து வைப்பாள். போடத்தான் மாட்டாள்.

"ஏன்க்கா, மருந்து இருக்கு, நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். இன்னும் என்ன வேணும்?" என்று முப்பத்துநாலாவது வாரத்தில் போய்க் கேட்டாள் டைப்பிஸ்ட்.

ஊசியக்கா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "கடைசிக் கட்டத்தைப் பாரு. 'எந்த வழிகாட்டியின்படி'ன்னு இருக்கா? பழசை எழுதினா என் வேலைக்கு வேட்டு. புதுசு இன்னும் வரலை. காலியா விட்டா மேலேர்ந்து ஃபோன் வரும். வர்ற பொண்ணுங்களை எல்லாம் திருப்பித் திருப்பி அனுப்பி என் வாயே வலிக்குது. பேரை மட்டும் இந்த நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அந்தச் சுற்றறிக்கையை அடிச்ச மகராசி யாருன்னு தெரிஞ்சா நல்லா நாலு கேள்வி கேட்பேன்."

"நான்தான்."

"தெரியும். அதான் சொன்னேன்."

டைப்பிஸ்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அக்காவின் மூத்த பையனுக்கு, பிறந்து ஐந்தாவது வாரத்தில் கக்குவான் வந்தது. இருமத் தொடங்கினால் மூச்சு விட இடமில்லாமல் முகம் நீலம் பாரிக்கும். பிறகு ஒரு நொடி சத்தமே இருக்காது. அந்த நொடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவும் அவளும் நின்றிருக்கிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது பள்ளிக்கூடத்தில் பந்து உதைக்கிறான். ஆனால் யாராவது தொண்டையைக் கனைத்தால்கூட அக்காவின் கை தன்னால் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறது.

அவள் கணவன் தெரிந்த தனியார் மருத்துவமனைக்கெல்லாம் ஃபோன் போட்டுப் பார்த்தான். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே கேட்டார்கள்: "வழிகாட்டி வந்துடுச்சா?" அவன் ஃபோனை வைத்துவிட்டு, "நீதானே அதை அடிக்கிறே? கொஞ்சம் சீக்கிரம் அடிச்சா என்ன?" என்றான். நல்ல மனிதன்தான், பாவம். அலுவலகம் எதிலும் வேலை பார்த்ததில்லை.

பதினோராவது கூட்டத்தில் பச்சை அட்டையில் ஒரு புகைப்படம் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு கர்ப்பிணி ஊசி போட்டுக்கொள்வது போன்ற படம். சரி, கர்ப்பிணிக்கு எங்கே போவது? ஒன்பது பேரும் நெற்றியைத் தேய்த்து யோசித்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாம் என்றார் ஒருவர். விளம்பரம் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். இதையெல்லாம் டைப்பிஸ்ட் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள், மேசைக்கும் அவளுக்கும் நடுவில் வயிறு இடித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழித்துத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார்.

"அட, நம்ம பொண்ணே இருக்கே! எத்தனை நாளாம்மா இப்படி?"

அன்று மதியமே விளம்பரப் பிரிவிலிருந்து படக்காரர் வந்தார். கீழே ஊசியக்கா மூடி கழற்றாத வெறும் ஊசியை அவள் தோளில் வைத்தாள். "அக்கா, வச்சதுதான் வச்சீங்க, நிஜத்தையே போடுங்களேன்," என்று டைப்பிஸ்ட் கெஞ்சினாள். ஊசியக்கா கண்ணாலேயே பதிவேட்டின் கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். "கொஞ்சம் சிரிங்க மேடம்," என்றார் படக்காரர். வயிற்றெரிச்சலோடு சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படியொரு சிரிப்பு படத்தில் விழுந்தது.

பன்னிரண்டாவது கூட்டம் இரண்டு வாரம் தள்ளி நடந்தது. மறுநாள் அவளுக்கு முப்பத்தாறு வாரம் நிறைகிறது. அதற்கு மேல் தள்ளிப்போனால், காவல் குழந்தையிடம் போய்ச் சேர நாள் போதாது. இதுவும் அவளே அடித்த வரிதான்.

படம் மேசையைச் சுற்றி வந்தது. பிரமாதம் என்றார்கள். அவள் நாள் கணக்குப் போட்டாள். இவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் படம் அச்சகத்துக்குப் போகும், அச்சகம் ஒரு மாதம் எடுக்கும், எல்லாம் முடிந்தது. அந்தக் குழுவில் "ஆனால் டாக்டர்" என்று ஒருவர் உண்டு. "ஆனால்" என்று தொடங்காமல் அவர் இதுவரை எதுவும் பேசியதில்லை. பச்சை நிறம் இரண்டு கூட்டம் இழுத்ததற்கும் அவரே காரணம். ஐந்தரை மாதமாக டைப்பிஸ்ட் மனதுக்குள் அவரைச் சபித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்து அவர் வாயைத் திறக்காமல் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போய், தட்டை எடுக்கிற சாக்கில் படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், ஊசியில மூடி இருக்கிற மாதிரி தெரியுது. எனக்கென்ன சார் தெரியும்," என்றாள் மெல்ல.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை.

"ஆனால்," என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு.

"ஆனால் தலைவரே, இது என்ன கூத்து? ஊசியில மூடி. உள்ளே மருந்தும் இல்ல. சட்டைக் கை பாதிதான் ஏறியிருக்கு. நர்சுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற புத்தகத்துல பொம்மை ஊசியா? எனக்கு நிஜ மருந்து வேணும், நிஜ ஊசி வேணும், அது நேரா தசைக்குள்ள இறங்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைவர் சங்கடமாக நெளிந்தார். "நிஜமாவே போடறதுன்னா... இந்தப் பொண்ணுக்குப் போடலாமா?"

"இதென்ன கேள்வி? முப்பத்தாறு வாரத்துக்குள்ளதானே இருக்கு? கண்டிப்பாப் போடணும். இது யாருக்குத்தான் தெரியாது!"

ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். தெரியாதவர் ஒருவரும் இல்லை. தலைவர் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் தன் வாழ்நாளிலேயே இல்லாத வேகத்தில் அடித்தாள். அட்டைப்படம் உண்மை மருந்தைக் கொண்டு எடுக்கப்பட வேண்டும், படம் குழுவுக்குத் திருப்தியாக அமையும்வரை எடுக்கப்படலாம். இந்தக் கடைசி வரியைத் தலைவர் சொன்னாரா, அவளே சேர்த்தாளா என்பதை இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. கையெழுத்து ஈரம் காய்வதற்குள் மாடிப்படியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.

ஊசியக்கா தாளை இரண்டு தடவை படித்தாள். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் "அட்டைப்படத்துக்காக, பன்னிரண்டாம் கூட்ட முடிவின்படி" என்று குண்டு குண்டாக எழுதினாள். எழுதிய பிறகுதான் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

ஊசி இறங்கியது. "மேடம், சிரிங்க," என்றார் படக்காரர். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அழுகிற படம் பதின்மூன்றாவது கூட்டத்துக்கு வந்தது. ஊசி போட்டால் அழுகை வரும் என்று ஜனங்கள் பயந்துவிடுவார்கள், வேறு கர்ப்பிணியை வைத்து எடுங்கள் என்றார்கள். கூட்டம் கலைந்ததும் டைப்பிஸ்ட் நேராகக் கீழே போனாள். ஊசியக்காவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசியக்கா மேசை இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். திருப்பி அனுப்பிய பெண்களின் பெயரும் ஃபோன் நம்பரும் அதில் இருந்தன.

மறுநாளிலிருந்து தடுப்பூசி அறையில் தினமும் படப்பிடிப்பு. படக்காரருக்கு விஷயம் புரிய ஒரு நாள் ஆயிற்று. புரிந்ததும் மனிதர் பொறுப்பை உணர்ந்து மோசமாக எடுக்க ஆரம்பித்தார். ஒரு படத்தில் தலை இல்லை. ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் ஊசியக்காவின் முழங்கை மட்டும் தெளிவாக விழுந்தது. ஒவ்வொன்றையும் குழு தீர விவாதித்து நிராகரித்தது. "ஆனால் டாக்டர்" மட்டும் நிராகரிக்கப் புதுப்புதுக் காரணம் கண்டுபிடித்தார். அவரைச் சபித்த வாயால் டைப்பிஸ்ட் இப்போது அவருக்கு நீண்ட ஆயுளை வேண்டிக்கொண்டாள். பிரசவத்துக்கு லீவு எடுத்துப் போகும்போது நாற்பத்தோரு படம் தேறாமல் போயிருந்தது.

"எல்லாரும் வந்துட்டாங்களாக்கா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"மூணு பேருக்குப் பிரசவம் ஆயிடுச்சாம்," என்றாள் ஊசியக்கா, நோட்டை மூடியபடி.

பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது வாரம் அதற்கு முதல் கக்குவான் ஊசி போட டைப்பிஸ்ட் அதே அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று காலைதான் வழிகாட்டி வந்து இறங்கியிருந்தது. பிரித்த கட்டு மேசைமேல் கிடந்தது. அருமையான பச்சை. புகைப்படமே வேண்டாம் என்று கடைசியில் முடிவு செய்துவிட்டார்களாம், அட்டையில் ஒரு பூ இருந்தது. உள்ளே முதல் பக்கத்தில் ஒன்பது பேருடைய படமும் மிகத் தெளிவாக வந்திருந்தது.

அவள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஏழெட்டு இருமல், பிறகு சத்தமே இல்லாத ஒரு நொடி. அவள் கை தன்னால் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தது.

ஒரு பெண் இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஊசியக்கா பாய்ந்து போய், "உள்ளே வேணாம்மா, இங்கே கைக்குழந்தைங்க இருக்கு, அங்கேயே நில்லு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுக்கு ஃபோன் போட்டாள். டாக்டர் வருவதற்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷமும் அந்தப் பெண் வாசலிலிருந்து டைப்பிஸ்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தஞ்சாவது வாரம் வந்து கேட்டேங்க. வழிகாட்டி வரலைன்னுட்டாங்க," என்றாள். "உங்களுக்குப் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"எப்படிங்க?"

தன் பிள்ளை மார்பில் சூடாகத் தூங்குவது டைப்பிஸ்டுக்கு வெட்கமாக இருந்தது. "அட்டைக்குப் படம் எடுத்தாங்க," என்றாள்.

அந்தப் பெண் மேசைமேலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் குழந்தை மறுபடி இருமத் தொடங்கியது.