கம்பி எடுத்த பூக்கள்

குறட்டால் காகிதப் பூவின் கம்பி நுனியைப் பிடித்து இழுத்தாள். கம்பி சுலபமாக வந்துவிட்டது. கூடவே பூவும் போய்விட்டது. இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மடியில் விழுந்தன. அடுத்த பூவை எடுத்தாள். அதற்கும் அதே கதி.

"டீச்சர், இதெல்லாம் நீங்க பண்ணினதா?" என்றாள் வாயாடி.

"ஆமா."

"அதான் அவ்வளவு அழகா இருந்துச்சு" என்று சமாதானம் சொல்லிவிட்டு, உதிர்ந்ததைப் பொறுக்க ஆரம்பித்தாள். வாயாடிக்கு எட்டு வயது. அவளுக்கு அந்தப் பெயரை வைத்த மனிதர், டீச்சரின் அப்பா, சுவருக்கு அந்தப் பக்கம் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தகன மண்டபத்தின் பக்கத்து அறை அது. ஒரு மேசையும் மடக்கிய நாற்காலிகளும் ஒரு துடைப்பமும் தண்ணீர் இயந்திரமும் இருந்தன. மண்டபப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். சொல்ல வேண்டியதைத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "காகிதம் உள்ள போகலாம்மா, அதுல ஒண்ணும் இல்ல. கம்பி கூடாது. உலையில போய்ச் சிக்கிக்கும். அப்புறம், பெட்டி மேல ஒண்ணு வைக்கத்தான் இடம். உங்க பெரியப்பா கொண்டுவந்த மலர்வளையமா, இந்தப் பூவான்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. கொஞ்சம் சீக்கிரம்."

மலர்வளையம் என்றால் சாதாரண மலர்வளையம் இல்லை. ரெண்டு ஆள் தூக்கி வந்தார்கள். 'சந்தை வியாபாரிகள்' என்று ரிப்பனில் தங்க எழுத்து. உலைக்குள் அது போகாது, வாசலிலேயே கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனால் அதுவரை எல்லாரும் பார்க்கலாம். பெரியப்பாவுக்கு அது போதும்.

அப்பா கேட்டது வேறு. கடைசி வாரத்தில், கோணிப்போன வாயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துச் சொன்னார். "கடைப்பூ வேணாம். நான் பண்ணினது வை. என் கூடவே வரணும்." அவ்வளவுதான் கேட்டார். வாழ்நாளில் மகளிடம் அவர் கேட்ட ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் மேசைமேலிருந்த சின்ன மரப்பெட்டியைப் பார்த்தாள். அப்பா செய்த பூக்கள் அதற்குள் இருந்தன. சோதித்துப் பார்க்க எடுத்த தன் பூக்களே இப்படி உதிர்கின்றன; அவர் பூக்கள் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் அவள் காகிதப் பூ வகுப்பு நடத்துகிறாள். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசைதான். பக்கவாதம் அப்பாவின் வலது கையைப் பறித்துக்கொண்டு போனபின், விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்தைத் தந்தார்கள். "பந்தைப் பிசைய நான் என்ன பச்சக் குழந்தையா?" என்று சுவரில் விட்டெறிந்தார். அப்படிச் சொன்ன மனிதர்தான் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, குட்டி நாற்காலியில் தன் மலைபோன்ற உடம்பைத் திணித்துக்கொண்டு, பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தார். சிவப்புத் தாளைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். கேட்டால், "கறிக்கடைக்காரனுக்குத் தெரிஞ்ச கலர் இதுதான்" என்பார்.

அவருக்கு வெட்கமே இல்லை. பஸ்ஸில், முடிவெட்டும் இடத்தில், யார் கேட்டாலும் "பூ பண்ணக் கத்துக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வெட்கமெல்லாம் பெரியப்பாவுக்குத்தான். கறிக்கடைக்கு வருகிறவர்களிடம் "தம்பி வைத்தியத்துக்குப் போறான்" என்று சொல்லிச் சமாளித்தார்.

கதவு திறந்தது. பெரியப்பாவேதான். புதுச்சட்டை, சிவந்த கண்கள். காலையிலிருந்து அழுதிருக்கிறார், அதில் பொய் இல்லை.

"இன்னும் முடியலையாம்மா? விடு. வளையம் வெச்சாச்சு. அழகா இருக்கு."

"எடுத்துடுங்க பெரியப்பா. நான் இதை வைக்கப் போறேன்."

அவர் வாயாடியையும், மூலையில் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவரையும் பார்த்தார். டிரைவரும் வகுப்பு மாணவர்தான், சீருடையோடு வந்திருந்தார். பெரியப்பா குரலைத் தாழ்த்தினார்.

"சந்தையே வந்து உக்காந்திருக்கு. கத்தி புடிச்சு நின்ன மனுஷன் மேல காகிதப் பூவ வெச்சா என்ன பேசுவாங்க? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? என் மானத்தக் கப்பலேத்தாத."

"ஏறட்டும். கப்பல்னா ஒரு நாள் திரும்பி வரும்."

"எகத்தாளம் பேசாத. அவன் ஏதோ நினைவு தப்பின நேரத்துல சொன்னது…"

"நல்லா நினைவு இருந்துச்சு. உங்ககிட்டயும்தான் சொன்னாரு. நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

தண்ணீர் இயந்திரம் ஒருமுறை குமிழ்விட்டு அடங்கியது. பெரியப்பா மேசைமேல் குவிந்திருந்த இதழ்களைக் காட்டினார்.

"எதை வைக்கப் போற? இந்தக் குப்பையையா? உன் கையால பண்ணினதே நிக்கல. அவன் இடது கையால பண்ணினது நிக்குமா?"

அதுதான் அவளுக்கும் பயம். ஆனால் அவர் வாயால் அதைக் கேட்டதும் ஆத்திரம் வந்துவிட்டது. மரப்பெட்டியைத் திறந்து கைக்கு வந்த பூவை எடுத்தாள். கோணல் மாணலான பூ. இதழ் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அடியில் நூல் சுற்றிச் சுற்றிக் கட்டை விரல் பருமனுக்குத் தடித்திருந்தது. குறட்டை வைத்து இழுத்தாள்.

கம்பி வரவில்லை. காலை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கம்பி வந்தது. பூ அப்படியே இருந்தது.

உதறிப் பார்த்தாள். இன்னும் பலமாக உதறினாள். ஒரு இதழ்கூட அசையவில்லை.

"அவர் எப்பவும் அப்படித்தான் கட்டுவாரு" என்றார் பஸ் டிரைவர். "நூலோட ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுக்குவாரு. என் நூலையும் சேத்து வாங்கித் தீத்துடுவாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எத்தனை சனிக்கிழமை திட்டியிருப்பாள்! "அப்பா, இது பூ. சுருட்டிக் கட்டுற தொடைக்கறி இல்ல. ரெண்டு சுத்துப் போதும்." அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். "அவுந்து விழுந்தா வாங்கினவன் திட்டுவான்" என்று இன்னும் நாலு சுற்றுச் சுற்றி, கறிக்கடை முடிச்சுப் போட்டு இறுக்குவார்.

"பெரியப்பா, நீங்க போய் உக்காருங்க. நாங்க வரோம்."

மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். டிரைவர் பிடித்துக்கொள்ள, அவள் இழுக்க, வாயாடி கம்பிகளை வாங்கித் துடைப்பத்தின் பக்கத்தில் அடுக்கினாள். ஒரு பூவும் உதிரவில்லை. அவர் செய்தவை எல்லாம் ஒரு தட்டு நிறைய வந்தன.

மண்டபத்துக்குள் அவள் தட்டோடு நுழைந்தபோது பேச்சு நின்றது. வரிசை வரிசையாகச் சந்தை உட்கார்ந்திருந்தது: மீன்காரம்மா, முட்டைக்கடைக்காரர், எடைபோடுகிறவர், ஐஸ் வண்டிக்காரர். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவள் நின்று, சத்தம் வந்த திசையை நன்றாகப் பார்த்தாள். அதன்பின் இருமல் வரவில்லை.

பெரியப்பா பெட்டியருகே, வளையத்தின்மேல் கைவைத்தபடி நின்றார். அவள் தட்டை வாயாடியிடம் கொடுத்தாள்.

"கையை எடுங்க பெரியப்பா."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்காங்க."

அவர் எடுக்கவில்லை. அவள் வளையத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அப்பாவின் உடம்பு அவளுக்கும் உண்டு. வளையம் எழும்பியது, பெரியப்பாவின் கை வழுக்கியது. நேராக முன்வரிசைக்குக் கொண்டுபோய், அவருக்கென்று ஒதுக்கியிருந்த நாற்காலியில் அதை உட்கார வைத்தாள். பிறகு திரும்பிவந்து, பெட்டிமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிவப்புப் பூக்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

கடைசிப் பூவை வைத்தபோதுதான் கவனித்தாள். பூக்கடைக்காரன் வாடாமல் இருக்க வளையத்தைத் தண்ணீரில் முக்கியெடுத்துக் கொடுத்திருக்கிறான். துணி தொப்பலாக நனைந்திருந்தது. ஈரம் பட்டால் இந்தத் தாள் சாயம் விடும். முதல் வகுப்பில் முதல் பாடமே அதுதான். பாடம் சொல்கிறவளே மறந்துவிட்டாள். பூக்களின் அடியிலிருந்து சிவப்பு கசிந்து வெள்ளைத் துணியில் திட்டுத் திட்டாகப் பரவியது. ஓரத்தில் ஒரு கோடு இறங்கியது.

மீன்காரம்மா உடைந்த குரலில் சொன்னாள்: "ரத்தம் பட்ட ஏப்ரன் கட்டிக்கிட்டுக் கடையில நிக்கிற மாதிரியே இருக்காருப்பா."

பெரியப்பா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தொடாதீங்க, தேச்சா இன்னும் பரவும்" என்றாள் வாயாடி.

அவர் கைக்குட்டை துணியைத் தொடவில்லை. வெறும் விரல்கள்தான் தொட்டன. சிவப்பின்மேல் உள்ளங்கையை வைத்து, பெட்டி நகரும்வரை அப்படியே நின்றார். இரும்புக் கதவு திறந்தது. பூக்களோடு பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது.

சந்தைக்காரர்கள் எழுந்து, பெரியப்பாவிடம் துக்கம் விசாரிக்க வரிசையாக வந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொள்ளாமல் ஒவ்வொருவருக்கும் நீட்டினார். கைகொடுத்துவிட்டு நகர்ந்த ஒவ்வொருவரும் தங்கள் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள்.