ராக்கம்மாவின் நெரை

கொம்பு ஊதும்போது கிழக்கு வெளுத்திருக்கவில்லை. கரடிமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து பெண்கள் கம்பளியை முக்காடிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, உறைபனி பிடித்த புல்லில் வெறுங்காலோடு ஓடினார்கள். மேஸ்திரி ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்குப் பிந்திப் போனால் அரைக்கூலிதான்.

அவர்கள் போன பிறகு ராக்கம்மாவின் வேலை ஆரம்பமாகும். காலியான லைன் வாசலில், கூடைக்குள் கற்களைப் போட்டு முதுகில் ஏற்றிக்கொள்வாள். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடப்பாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் வலி இடுப்பு வரை ஏறியது. முழங்காலுக்குக் கீழே சதை வற்றி, கால் அவளுடையது மாதிரியே இல்லை. நடந்து முடித்ததும் சுவரோரமாக உட்கார்ந்து எழுவாள். எழ முடியாதபோது வாய்விட்டு அழுவாள். அழுது முடித்ததும் மறுபடி உட்கார்ந்து எழுவாள். தைலம் தேய்த்துத் தேய்த்து அவள் புடவையே தைல வாடை அடித்தது.

மழைக்காலத்தில் கவாத்து வெட்டிய கிளைகளை வடிகாலின் மேலேயே தள்ளி மூடியிருந்தார்கள். நிறைகூடையோடு எடை போட இறங்கிய ராக்கம்மா அதில் காலை விட்டாள்; எலும்பு ஒடிந்தது. எலும்பு கட்டுகிற மக்பூல் பாய் குன்னூர் கடைவீதியிலிருந்து வந்தார். வெளியாளை உள்ளே விடக்கூடாது என்று வாச்சர் மறித்துவிட்டான். புருஷன் பொன்ராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கிடத்தினான். கொட்டுகிற மழையில் பாய் அங்கேயே மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அதே மழையில் தோட்டத்துத் துரையின் குதிரைக்குக் கால் சுளுக்கியபோது ஊட்டியிலிருந்து டாக்டர் வந்தார். குதிரை கம்பளி போர்த்திக்கொண்டு கொட்டிலில் ஓய்வெடுத்தது. குதிரை மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை.

கட்டு அவிழ்த்த கையோடு மேஸ்திரி மாரிச்சாமி வந்து சேர்ந்தான். ஒரு அறைக்கு ரெண்டு ஆள் வேலைக்கு வர வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். ராக்கம்மா வராததால் அந்த அறையைத் துரை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறாராம். பொன்ராஜ் ஒண்டிக்கட்டைகளின் கொட்டகைக்குப் போய்விடலாம், அவள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும்.

அவளோடு அவனும் போய்விடலாமே என்றால், அது முடியாது. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போனவனைப் போலீஸ் பிடித்துவந்து ஜெயிலில் வைக்கும். அவன் வெளியே போக முடியாது, அவள் உள்ளே இருக்க முடியாது. கீழ்நாட்டிலோ பஞ்சம். இருந்த வீட்டையும் விற்றுவிட்டுத்தான் மலையேறியிருந்தார்கள்.

"பவுர்ணமிக்கு மறுநாள் பெரட்டுக்கு வந்துருவேனுங்க. ஒரு நெரை எடுத்து முடிச்சுக் காட்டறேன்" என்றாள் ராக்கம்மா.

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குன்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான் மேஸ்திரி.

நெரை என்றால் செடிகளின் ஒரு வரிசை. ஆளுக்கொரு நெரை, அடிவாரத்தில் தொடங்கிக் கிள்ளிக்கொண்டே உச்சிக்குப் போக வேண்டும். எவளாவது பின்தங்கினால் அவள் நெரையைப் பிடுங்கிப் பக்கத்து நெரைக்காரிக்குக் கொடுப்பார்கள். கொழுந்தும் அவளுக்கே, கூலியும் அவளுக்கே. போன வருஷம் காய்ச்சலோடு வந்த மருதாம்பாள் விட்ட நெரையை ராக்கம்மாவே கிள்ளியிருக்கிறாள். மருதாம்பாள் அந்த மாதமே கேட்டைத் தாண்டினாள். வழக்கம் அப்படி இருந்ததால் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

பவுர்ணமிக்கு மறுநாள் ராக்கம்மா கம்பு இல்லாமல் பெரட்டுக்குப் போனாள். மேஸ்திரி வேண்டுமென்றே கரட்டுக்காட்டைக் காட்டினான். தோட்டத்திலேயே செங்குத்தான தேயிலைக் காடு அது. ஏறும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் சொன்னபடி கேட்டது. செடிக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. சரிவில் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு நடக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். சரிவின் மேல்பக்கத்துக் காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் கீழ்ப்பக்கத்துக் காலில் தாங்கி நிற்க வேண்டும். சமதரையில் நடந்து பழகிய கால் அந்தப் பாரத்தை வாங்க மறுத்து நடுங்கியது. இத்தனை நாளும் தப்பான பாடத்தை அல்லவா படித்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

மற்ற நெரைக்காரிகள் மேலே போய்விட்டார்கள். ராக்கம்மா செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த கையால் கிள்ள முடியாது. கிள்ளினால் நிற்க முடியாது.

மேஸ்திரி பக்கத்து நெரை ஜெஸிந்தாவைக் கூப்பிட்டு, இறங்கி வந்து இந்த நெரையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஜெஸிந்தா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவள். வயிற்றைப் பிடித்தபடி மெல்ல இறங்கி வந்தாள். ராக்கம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், எடுத்துக்கொள் என்று ஒதுங்கினாள். ஜெஸிந்தா அந்தச் செடியில் கை வைக்கவில்லை. தன் நெரைக்குள் போய், ராக்கம்மா நின்ற மட்டத்திலேயே அவளுக்கு நேராக நின்றுகொண்டாள்.

"ஏம்புள்ள, காது கேக்கலையா?" என்றான் மேஸ்திரி.

"இன்னிக்கு அக்கா நெரை. அடுத்த மாசம் நான் குனிய முடியாம நிப்பேன், அப்ப என் நெரையப் புடுங்குவீங்க. நான் எடுக்க மாட்டேனுங்க."

அவன் அடுத்தவளைக் கூப்பிட்டான். அவள் ஜெஸிந்தாவைப் பார்த்தாள், ராக்கம்மாவைப் பார்த்தாள், இறங்கி வந்து ஜெஸிந்தாவுக்கு நேராக நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. எவளையும் எவளும் கூப்பிடவில்லை. மேலே போயிருந்தவர்களெல்லாம் ஒவ்வொருத்தியாகக் கீழே வந்தார்கள். முந்தியவள் இல்லாத இடத்தில் பின்தங்கியவளும் இல்லை.

ராக்கம்மாவுக்குப் பயமாகிவிட்டது. "என்னால உங்க பொழப்பும் போகணுமா? போங்க புள்ள" என்று கெஞ்சினாள். யாரும் போகவில்லை. ஜெஸிந்தா தோள் கொடுத்தாள். அதில் சாய்ந்து நின்றபோது ராக்கம்மாவின் இரண்டு கையும் விடுபட்டன. கிள்ளத் தொடங்கினாள். அவள் ஒரு செடி முடித்து ஏறினால், காடு முழுக்க எல்லாரும் ஒரு செடி மேலே ஏறினார்கள்.

துரை குதிரையில் வந்தார். மேஸ்திரி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னான்.

"நொண்டிக்கு இங்கே வேலை இல்லை. அவள் நெரையை எடு" என்றார் துரை ஜெஸிந்தாவிடம்.

"எடுக்க மாட்டோமுங்க" என்றாள் ஜெஸிந்தா.

"நாளைக்கு எல்லாரையும் வெளியே தள்ளுவேன்."

"மலை பூராக் கொழுந்து நிக்குதுங்க. ரெண்டு நாள் விட்டா முத்திப்போகும். நீங்களே ரோசிச்சுக்கங்க."

துரையின் முகம் சிவந்தது. சாட்டையை ராக்கம்மாவின் பக்கம் நீட்டி, உன்னால்தான் இத்தனையும் என்றார். ராக்கம்மா துரைமாரிடம் அதுவரை வாய் திறந்ததில்லை. இப்போது பேசினாள்.

"இந்தக் கால் உங்க காட்டுலதானுங்க ஒடிஞ்சுது. உங்க காட்டுலயே நின்னு பழகட்டும்."

சாயங்காலம் போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லித் துரை குதிரையைத் திருப்பினார். வெறும் மிரட்டல் என்று யாரும் நினைக்கவில்லை. கேட்டில் வாச்சர் நிற்கிறான், அறைக்குப் பூட்டு வரும், பொன்ராஜை எங்கே அனுப்புவார்களோ தெரியாது.

எடை போட வரச்சொல்லிக் கீழே கொம்பு ஊதியது. அந்தச் சத்தம் கேட்டதும் கூடையோடு விழுந்தடித்து ஓடுவதுதான் இத்தனை வருஷப் பழக்கம். ராக்கம்மாவின் நெரையில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மறுபடியும் கொம்பு ஊதியது. ஒருத்தியும் இறங்கவில்லை.