இசைவாணி எதற்குக் கடிக்கிறாள்

தங்கை இசைவாணி தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வதை நிறுத்த செந்தாமரை செய்யாதது இல்லை. வேப்பெண்ணெய் தடவினாள், கையுறை மாட்டினாள். பதினான்கு வயதாகியும் இசைவாணிக்குப் பேச்சு வரவில்லை. அவள் படிக்கும் வாலாஜாபாத் சிறப்புப் பள்ளியில் வசந்த் என்ற பையனும் இப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாத அறையில் தனியே உட்காரவைத்ததும் அவனுக்கு அடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு, செந்தாமரையும் தங்கையை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். திறந்தபோது மணிக்கட்டில் ரத்தம்.

பள்ளியின் பயிற்சியாளர் ராஜலட்சுமி வீட்டுக்கே வந்தார். ஒரு சாயங்காலம் முழுக்க மூலையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரகடம் தொழிற்சாலையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய செந்தாமரை, அம்மா ராஜம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தாள். கண் சொருகியது. இசைவாணி கையைக் கடித்தாள். செந்தாமரை பதறி எழுந்து கட்டிக்கொண்டாள். கடி நின்றது.

"வசந்த் சத்தம் தாங்காம கடிச்சான். தனியா விட்டா அவனுக்கு நிம்மதி," என்றார் ராஜலட்சுமி. "இது உன்னைக் கூப்பிடறதுக்குக் கடிக்குது. தனியா விட்டா இன்னும்தான் கடிக்கும்."

"அப்போ நான் ஓடி ஓடி வந்து கெடுத்துட்டேனா மேடம்?"

"இல்லம்மா. கூப்பிட அதுக்கு வேற வழி தெரியல."

தலை வாரும்போதும் இசைவாணி கடிப்பாள்; அது வேறு, 'போதும்' என்பதற்கு என்றார் ராஜலட்சுமி. அதற்குக் கையை நீட்டிக் காட்டப் பழக்கினார்; காட்டினால் சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். அக்காவைக் கூப்பிடத் தோளைத் தட்ட வேண்டும். ராஜம்மா பின்னாலிருந்து இசைவாணியின் கையைப் பிடித்துத் தட்டவைப்பாள். செந்தாமரை உடனே திரும்பிக் கொஞ்சுவாள். கடித்தால் காயம் படாமல் கையை விலக்குவதோடு சரி.

முதலில் கடி கூடியது. "இன்னாடி, புள்ள அழுவுது, நீ மூஞ்சைத் திருப்பிக்கினு கீற?" என்று ராஜம்மா சண்டை போட்டாள். செந்தாமரை அழுதுகொண்டே ராஜலட்சுமிக்குப் போன் போட்டாள்.

"வுட்டுடலாம் மேடம். என்னால முடியல."

"அது கடிக்காம சும்மா இருக்கறப்போ நீ இன்னா பண்ற?"

அந்த நேரத்தில்தான் செந்தாமரை தூங்குவாள், துணி துவைப்பாள். மறுநாளிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொழிற்சாலை லைனில் அன்று நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள். புரிந்ததோ இல்லையோ, இசைவாணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடி குறைந்தது.

ஒரு நாள் சூப்பர்வைசர் போனில் ஓவர்டைம் வேலைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். செந்தாமரையின் தோளில் ஓர் அடி விழுந்தது, வலிக்கும்படியாகவே. ராஜம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். இசைவாணியின் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

"அப்புறம் பேசறேன் சார்," என்று செந்தாமரை போனை வைத்தாள். "தங்கச்சி கூப்புடுது."