ஈர அட்டை வாசம்

டார்சிக்கு மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் நின்று கால்பந்து பார்த்த புண்ணியம். மத்தியானம் தின்ற சிப்பி மசாலா பஃப்ஸ்கூட சூடான துணியை மென்றதுபோலத்தான் இருந்தது. அதற்காக, பீர் ருசி பார்ப்பதில் ஹுவான் பள்ளத்தாக்கிலேயே பெரிய நாக்கு என்று பெயர் வாங்கியவன் ஒரு ஜலதோஷத்துக்குப் பயந்து நடுவர் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிடுவானா?

ஜூலைக் குளிர் வந்தால் லோர்னாவின் பப்பில் சுற்றுவட்டாரத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் குளிர்கால ஏல் பீர்களைப் போட்டிக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, மேலே எண் மட்டும். எது ஜெயிக்கிறதோ அது குளிர் முடியும்வரை லோர்னாவின் பீர்க் குழாயில் ஓடும். இந்த வருஷம் வரிசையில் டார்சியின் தங்கை மெரினுடையதும் இருந்தது. ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை உதறிவிட்டு, ஆப்பிள் கொட்டகையில் அண்டா வைத்துக் காய்ச்சியது. குழாய் கிடைத்தால் கொட்டகை பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடி ராத்திரி ஷிப்ட்.

"அண்ணா, எனக்காக எதுவும் பாக்க வேணாம். ஆனா என்னோடது எதுன்னு கண்டுபிடிச்சிருவல்ல?"

"உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லிருவேன், போ."

அவள் மற்றவர்களோடு கணப்படுப்புப் பக்கம் போய் நின்றாள். நடுவர் மேஜையில் டார்சி, லோர்னா, பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவைப் பயிரிடும் பியர்ஸ். டார்சி வாயைத் திறக்கும்வரை மற்ற இருவரும் கூரையைப் பார்ப்பது பல வருஷத்து வழக்கம்.

முதல் கிளாஸைக் குடித்தான். கருப்பாக ஏதோ ஈரம்.

"கருகின அத்திப்பழம்," என்றான். "கூடவே பழைய குதிரைச் சேணம்."

"அட, சேணமேதான்! இப்பத்தான் சொல்ல வாயெடுத்தேன்," என்றான் பியர்ஸ். குதிரையைக் கண்டாலே அவனுக்குத் தும்மல் வரும். சேணத்தை எந்த ஜென்மத்தில் மோந்தானோ.

அடுத்ததில் ஏலக்காய் என்றான். அதற்கடுத்ததில் பைன் பிசின். எல்லாம் இருந்தன, எல்லாரும் கண்டார்கள். டார்சிக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆனால் வருஷத்துக்கு ஒன்றையாவது திட்டாவிட்டால் கறாரான ஆள் என்று எவன் சொல்வான்? நாலாவது கிளாஸுக்கு முகத்தைச் சுளித்தான்.

"ஈர அட்டை."

பீர்க்காரர்களிடம் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. காற்றுப் புகுந்து சரக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

"ஐயே, ஆமாப்பா! மழைல நனைஞ்ச பெட்டி," என்று கிளாஸைத் தள்ளி வைத்தாள் லோர்னா.

காகிதங்களைப் பிரித்தார்கள். நாலாவது மெரினுடையது.

'எனக்கு இன்றைக்கு மூக்கே இல்லை, முதலிலிருந்து வைப்போம்' என்று டார்சி சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அத்திப்பழம் போய்விடும், சேணம் போய்விடும், நாற்காலியும் போய்விடும்.

மெரின் வந்து அந்தக் கிளாஸை எடுத்தாள். மோந்தாள். ஒரு வாய் குடித்து வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள். 'உனக்கு என்னடா தெரியும்' என்று அவள் தன்னைத் திட்டிவிட மாட்டாளா என்று அவன் மனசார ஏங்கினான்.

"ஆமாண்ணா, அட்டைதான்," என்றாள். "தெனமும் குடிச்சுப் பாத்தேனே, எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நல்லவேளை நீ இருந்த. அண்டால மிச்சம் இருக்கறதையும் காலைல கொட்டிர்றேன்."

கைக்குட்டையைத் தேடிப் போன கையை அவன் பாக்கெட்டுக்குள்ளேயே இறுக்கிக்கொண்டான்.

"அடுத்த தடவ காத்துப் புகாமப் பாத்துக்கோ," என்றான்.