மேஜர் குரைக்கவில்லை

கல்பனா படிக்கும் மாத நாவல்களில் நாயகன் சொந்த ஊருக்குத் திரும்பினால் காற்று வீசும், மழை தூறும், நாயகி கிணற்றடியில் நிற்பாள். நான் திரும்பியபோது ராஜபாளையம் பஸ்ஸில் எனக்கு வாந்தி வருவதுபோல இருந்தது. பயம்தான்.

பயத்துக்குக் காரணம் ஒரு நாய். கடித்துவிடும் என்ற பயம் இல்லை. கடிக்காமல் விட்டுவிடும் என்ற பயம்.

கல்பனாவின் அப்பா சீனிச்சாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வெள்ளை நாய்க்கு மேஜர் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு மேஜரைப் பார்த்து "உக்காருலே" என்று சொல்லும் சுகத்துக்காக என்று ஊரில் பேச்சு. அந்த வீட்டு ஆட்களைத் தவிர யாரைக் கண்டாலும் மேஜர் பாயும். தினமும் பால் ஊற்றுகிறவரையே கேட்டைத் தாண்ட விடாது.

நானும் அதே ஊர்தான், மேலத்தெரு. அந்த வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. பின்பக்கச் சுவரை மிதித்திருக்கிறேன். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படித்த காலத்தில், காலேஜ் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும்போது பால்கோவா வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் சீனிச்சாமி மாமா தோட்டத்துக்குப் போன பிறகு சுவரேறிக் கல்பனாவிடம் கொடுப்பேன். முதல் நாளே மேஜர் வந்துவிட்டது. பாதி அதற்குப் போனது. அன்றிலிருந்து என்னைக் கண்டால் குரைப்பதை விட்டுவிட்டு வாயைத் திறந்து காத்திருக்கும்.

பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். இந்த ஒரு வருடத்தில், அம்மா சொன்ன பெண்களை எல்லாம் தட்டிக்கழித்து, கடைசியில் கல்பனாவை அம்மாவே தன் சொந்த யோசனையாகக் கண்டுபிடிக்கும்படி பார்த்துக்கொண்டேன். இன்று முறைப்படி பெண் கேட்டுப் போகிறோம்.

சீனிச்சாமி மாமாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது. காதலித்துக் கட்டிக்கொண்ட அவருடைய தங்கை பக்கத்தில் ராஜபாளையத்தில்தான் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் அவள் எதிரே வந்தால் இவர் பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் விஷயம் தெரிந்தால் கல்பனாவைச் சொந்தத்தில் இருக்கும் வல்லரசுக்குக் கட்டிவைத்துவிடுவார். வல்லரசு ஆயுதப்படைப் போலீஸ். அவனுக்குத் துப்பாக்கியை அரசாங்கமே கொடுத்திருக்கிறது.

காலையில் கல்பனாவுக்குப் போன் போட்டேன்.

"மேஜரத் தோட்டத்துல கட்டியாச்சா?"

"எங்கிட்டு? விருந்தாளி வரும்போது மேஜர் வாசல்ல நிக்கணும்ங்காவ அப்பா. கௌரவமாம்."

"ஒரு வருசமாச்சுல்லா, மறந்துருக்கும்."

"நீ போன பொறவு ரெண்டு வாரம் அந்தச் சொவத்தையே பாத்துட்டுக் கெடந்துச்சு. நான்கூட அம்புட்டுப் பாக்கல."

"இப்ப என்ன செய்ய?"

"கடி வாங்கு. எப்பிடியாவது ஒரு கடி வாங்கிரு."

நான் பட்டுவேட்டியில் கிளம்பினேன். அம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, பால்கோவா டப்பா இருந்த பையை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

கேட்டைத் திறந்ததும் மேஜர் எழுந்தது. அப்பா என் பின்னால் ஒதுங்கினார். அம்மா அப்பாவின் பின்னால் ஒதுங்கினாள். குரை, தயவுசெய்து குரை என்று மனதுக்குள் கெஞ்சினேன். மேஜர் என்னை மோந்து பார்த்தது. அதன் உடம்பு முழுக்க ஆடியது. இரண்டு முன்னங்காலையும் என் நெஞ்சில் வைத்து முகத்தை நக்கியது. ஊரில் என்னை மனதார வரவேற்ற முதல் ஜீவன்.

"இது என்ன, கொரைக்கலயே?" என்றார் சீனிச்சாமி மாமா. குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தும்போது பயம் கம்மி.

"எம் மவனோட கொணம் வாயில்லா ஜீவனுக்கே தெரியுதுண்ணே," என்றாள் அம்மா பெருமையாக.

யாரும் பார்க்காத நேரம் மேஜரின் வாலை மெல்ல மிதித்தேன். அது என் காலை நக்கியது. பிறகு வேட்டி நுனியைப் பல்லால் கவ்வி வீட்டைச் சுற்றி இழுக்க ஆரம்பித்தது. வேட்டியைக் காப்பாற்றுவதா, விஷயத்தைக் காப்பாற்றுவதா? பை முழங்கையில் தொங்க, இரண்டு கையும் வேட்டியிலேயே இருந்தன. எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

மேஜர் நேராகப் பின்பக்கச் சுவருக்குப் போய், நான் வழக்கமாகக் குதிக்கும் இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தது.

சீனிச்சாமி மாமா சுவரைப் பார்த்தார். சுவரோரம் படிபோலக் கிடந்த கல்லைப் பார்த்தார். எல்லையில் பழகிய கண். செங்கல் இடுக்கில் விரலைவிட்டு ஒரு தாளை உருவினார். எண்ணெய் ஏறிய பால்கோவாத் தாள். அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. கல்பனா, தாளையெல்லாம் குப்பையில்தானே போடச் சொன்னேன்?

"யாரு வேல இது?"

அடுப்படி ஜன்னலில் கல்பனாவின் முகம் வெளுத்துத் தெரிந்தது. வல்லரசின் கல்யாணப் பத்திரிகை கண்ணில் வந்து போனது.

"நாந்தான்," என்றாள் கல்பனாவின் அம்மா வெள்ளத்தாய்.

எல்லாரும் திரும்பினோம்.

"சுகருன்னு சொல்லி நீங்க ஒரு துண்டு இனிப்பு கண்ணுல காட்டுதீயளா? அதான் ஆள விட்டு வாங்கி, இங்கன நின்னு திங்கேன். இதுக்கும் ஒரு வா குடுப்பேன். இப்ப அவிய பையில பால்கோவா வாசன அடிக்கு, இழுத்துட்டு வந்துட்டு."

சீனிச்சாமி மாமா என் பையைப் பார்த்தார். மேஜரும் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது.

"ஏட்டி! மாத்திரைக்கு மாத்திரையும் முழுங்கிட்டு, களவாண்டு பால்கோவாவா? கால எடுக்கணும்னு டாக்டர் சொன்னாத்தான் அடங்குவியா?"

பேச்சு கொஞ்ச நேரத்தில் நிற்கவில்லை. காப்பி ஆறும்வரை ஏசினார். வெள்ளத்தாய் அத்தை தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "வர்ற மாசம் பூ வச்சிருவோம்," என்றார். அதுவும் ஏச்சின் தொடர்ச்சிபோலவே இருந்தது.

கிளம்பும்போது அத்தை வெற்றிலைப் பையைக் கொடுக்கும் சாக்கில் என் பக்கத்தில் வந்தாள்.

"அந்தக் கல்ல உருட்டிப் போட்டது நாந்தான் மாப்ள. மொத நாளு குதிக்கையில முட்டி செராஞ்சு போச்சே ஒங்களுக்கு."

அந்தக் கல் தானாக அங்கே கிடந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அத்த, நீங்க பால்கோவா..."

"ஒரு துண்டு தின்னதில்ல. தின்னாமலே இம்புட்டு ஏச்சு வாங்கியாச்சு. அது என்னதான் ருசின்னு ஒரு தடவ பாத்துரணும்ல?"

"அங்க என்னட்டி ரகசியம்?" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

"மாப்ளைக்குச் சட்ட அளவு கேக்கேன்!" என்றவள் என் பக்கம் குனிந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் அவிய தோட்டத்துக்குப் போயிருவாவ. வாங்க. சின்னத் துண்டு போதும்."