ஒன்பதாவது நிபந்தனை

என் நன்னடத்தை அலுவலர் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறார். கீழ்த்தட்டு அவருக்கு, மேல்தட்டு என் மனைவி ஸ்டெல்லாவின் சேலைகளுக்கு என்று தீர்ப்பிலேயே பிரித்து எழுதியிருக்கிறது. பெயர் எமல்டா. நல்ல மனுஷி. தினமும் காலை பத்தரைக்குக் கதவைத் திறந்து கையெழுத்துப் புத்தகத்தை நீட்டுவார். போடுவேன். கதவைச் சாத்திக்கொள்வார்.

நான் தூத்துக்குடி உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவன். முதுகு வலிக்கு என்று ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்து பிடிபட்டேன். தப்புதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஜெயிலுக்கு அனுப்பாமல் மூன்று வருடம் நன்னடத்தையில் விட்டார்கள். நாற்பத்தோரு நிபந்தனைகள். நாற்பதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். புகை வரும் தெருவில் நடக்கவில்லை. கேட்டபோதெல்லாம் சிறுநீர் கொடுத்தேன். தும்முவதற்கு எழுதிக் கேட்டேன். மூன்றாம் நாள் அனுமதி வந்தது, தும்மினேன்.

ஒன்பதாவதுதான் வம்பு. போதை வழக்கில் தண்டனை பெற்ற எவரோடும் நான் பழகக் கூடாது.

ஒரு புதன்கிழமை பீரோ கதவு பத்தரைக்கு முன்பே திறந்தது.

“சூசை, நேத்து சாயங்காலம் யாருகூட இருந்திய?”

“தனியாத்தான் இருந்தேன் மேடம்.”

“தனியான்னா உங்ககூடத்தானே?”

“ஆமா.”

“உங்க மேல கஞ்சா கேஸ் இருக்குல்லா?”

“இருக்கு.”

“பின்ன எப்படி அந்த ஆளுகூட பழகுதிய?”

அவர் வருத்தத்தோடுதான் எழுதிக்கொண்டார்.

“இன்னொரு தடவை எழுதுனேன்னா ஜெயிலுதான். பாத்துக்கிடுங்க.”

அன்றிலிருந்து என்னை விட்டு விலகியே இருந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். ஸ்டெல்லா சவரம் செய்துவிட்டாள். எதையாவது யோசிக்க ஆரம்பித்தால் உடனே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் மகள் பிரின்சிக்குப் புதுநன்மை. ஒன்பது வயது. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளை கவுன் தைத்து வந்திருந்தது. எங்கள் கோயிலில் வாசலிலிருந்து பீடம் வரை பிள்ளையை அப்பாதான் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் எப்படிக் கோயிலுக்குப் போவது? அவள் கையை இன்னொருவன் பிடிப்பதைவிட ஜெயிலே மேல் என்று தோன்றியது. தோன்றியதும் எழுந்து வேறு இடத்துக்குப் போனேன்.

இந்த நிபந்தனை சட்டப்படி செல்லுமா, இது நியாயமா என்று கேட்டு மனு எழுதினேன். நீதிமன்ற வராந்தாவில் மனு வாங்கும் ஜன்னல் நான் நடக்க நடக்கத் தள்ளிப் போனது. ஒரு மணி நேரம் நடந்து, சலித்துப்போய் நின்றேன். அது வந்தது.

“ரெண்டு கேள்வி கேட்டிருக்கிய,” என்றார் குமாஸ்தா. “சட்டமான்னா இந்த ஜன்னல். நியாயமான்னா அந்தா, அந்த ஜன்னல்.”

அந்த ஜன்னல் சுவரில் வரைந்திருந்தது. கம்பியெல்லாம் நேர்த்தியாக வரைந்திருந்தார்கள். அதன் முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நான் மனுவை இரண்டாகக் கிழித்து, மேல்பாதியை மட்டும் குமாஸ்தாவிடம் கொடுத்தேன்.

நீதிபதி அம்மா நிதானமானவர். பீரோவை நாலு பேர் தூக்கி வந்து அவர் எதிரே வைக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

“குற்றத்துக்கும் நிபந்தனைக்கும் சம்பந்தம் இருந்தாத்தான் செல்லும். இருக்கா?”

“இருக்கு அம்மா,” என்றார் எமல்டா. “குத்தம் செய்யும்போது இவருகூட இருந்தது இவரு மட்டும்தான்.”

“வேற கெட்ட சகவாசம்?”

“கிடையாது.”

என்னாலும் மறுக்க முடியவில்லை. நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் அம்மா இரக்கமுள்ளவர். பிள்ளையின் விசேஷம் என்பதால் தகப்பன் கோயிலுக்குப் போகலாம், குற்றவாளி வீட்டில் இருக்க வேண்டும் என்று பிரித்து உத்தரவு போட்டார்.

“இதுல நான் யாரு அம்மா?”

“மனு போட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீங்க குற்றவாளி. தகப்பன் மேல கேஸே இல்லையே, அவர் எதுக்கு மனு போடணும்?”

ஞாயிறு காலை அந்தத் தகப்பன் என்னை விட்டுத் தனியாக எழுந்து என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பழகக் கூடாது என்பதால் நாங்கள் பேசவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பொறாமை இருந்தது. அவர் நிமிர்ந்து நடந்தார். முதுகு வலி என்னிடமே தங்கிவிட்டது. பிரின்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஸ்டெல்லா என் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். நடத்தை நன்று என்று எமல்டா எழுதினார். இவ்வளவு நன்றாக நடக்கிற ஏற்பாட்டை ஏன் கலைக்க வேண்டும் என்று மீதிக் காலம் முழுவதற்கும் நீட்டித்துவிட்டார்கள். எனக்கு வீட்டின் பின்கட்டு. பத்தரைக்கு இப்போது தகப்பன்தான் கையெழுத்துப் போடுகிறார். என் கையெழுத்தைவிட அழகாக இருக்கிறது.

நேற்று அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“அப்பா எப்ப வருவாவ?” என்றாள் பிரின்சி.

“நான்தாம்மா அப்பா.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“நீங்க நல்லாத்தான் இருக்கிய. எங்க அப்பா எப்ப வருவாவ?”

அவர் கை கழுவிவிட்டு உத்தரவை எடுத்துத் தேதி பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். இன்னும் எழுநூற்றுப் பதினொரு நாள் என்றார். அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.